செலவும் மரபும்: ஆங்கிலச் சொற்கள் சிலவற்றின் வரலாறு

முன்னுரை

ஒரு மொழியைப் புதிதாகக் கற்பார் அதன் அன்றாட வழக்கிற்குரிய சொற்களையே முதற்கண் பயில்வர். வழி, வண்டி, விடுதி, விருந்து, வழக்கம், விழா என்றாற் போன்ற பொருள்களைக் குறிக்குஞ் சொற்கள் அவற்றுள் தலைமையானவை. ஆங்கிலம் பயிலும் நம் மாணவரும் இம்முறையையே மேற்கொள்கின்றனர். இடப்பால் ஆங்கிலச் சொல்லும் வலப்பால் தமிழ்ச் சொல்லும் நிறுத்திய பட்டியல் அவர்க்குத் துணையாகின்றது. பட்டியல் பயன்பாட்டிற்குப் போதும், ஆராய்ச்சிக்குப் போதாது. இருபாலும் நிற்கும் சொற்கள் நிறைகோலின் இரு தட்டுகள் போல ஒத்து நிற்பன என்னும் மயக்கத்தை அது விளைவிக்கின்றது.

சொற்களும் மக்களைப் போலவே வழி நடப்பன. ஒரு நாட்டிற் பிறந்து, மாலுமியரும் வணிகரும் சமயத் தொண்டரும் சுமந்து செல்லப் பிறிதொரு நாட்டிற் குடியேறி, அங்கே புதுப்பொருள் பெற்றுச் சில வேளைகளிற் பிறந்த நாட்டிற்கே வேற்றுருவில் திரும்புவன. செலவைப் பற்றியும் தொன்மரபுடைய மக்களின் வாழ்க்கையைப் பற்றியும் ஆங்கிலத்தில் வழங்கும் சொற்கள் சிலவற்றின் வரலாற்றை நாம் ஈண்டு ஆராய்கின்றோம். அவ்வரலாறு சங்க இலக்கிய ஆராய்ச்சியைத் தொடும் இடத்தை இறுதியிற் சுட்டுவோம். ஒலி விளங்குதற்பொருட்டு அயற்சொற்களில் வடவெழுத்துக்கள் ஆளப்படுகின்றன.

1. வழிநடைச் சொற்கள்

செல்லுதலைக் குறிக்கும் பொதுவான ஆங்கிலச் சொல் 'டிராவல்' என்பது. இது பழைய பிரெஞ்சு மொழியில் உழைப்பு, துன்பம் என்னும் பொருள்களில் வழங்கிய சொல்லினின்று வந்தது. அச்சொல்லின் மூலமோ, மூன்று கழிகளைப் பிணைத்துச் செய்த ஒறுப்புக் கருவியின் இலத்தீன் பெயராகிய 'டிரிபாலியம்' என்பர். பிரெஞ்சு மொழியில் இன்றும் அச்சொல் வேலையையே குறிக்கின்றது. ஆங்கிலத்தில் வருத்தும் உழைப்பு எனப் பொருள்பட்டு, பின்னர் வருத்தும் வழிநடை என்றாகி, இறுதியில் வருத்தம் நீங்கி வழிநடை மட்டும் எஞ்சியது. சாலையும் ஊர்தியும் செம்மையுற்ற பிற்காலத்தில் அப்பழம்பொருள் நினைவினின்றும் மறைந்தது.

'ஜர்னி' என்பது நாள் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. ஒரு நாள் வேலை, ஒரு நாளில் நடக்கும் தொலைவு என்பனவே அதன் தொடக்கப் பொருள்கள். தொலைவை நாளால் அளந்த காலத்தின் சுவடு அதன்கண் உள்ளது. 'டூர்' என்பது சுழற்சியைக் குறிப்பது; கடைசல் கருவியின் கிரேக்கப் பெயர் அதன் வேர். புறப்பட்ட இடத்திற்கே மீளும் செலவு என்பது அதன் உட்பொருள். 1841 சூலைத் திங்கள் 5ஆம் நாள் தாமஸ் குக் என்பார் மதுவிலக்குக் கூட்டமொன்றிற்காக ஏறத்தாழ 500 பேரை ஆளுக்கு ஒரு வெள்ளிக்காசு கட்டணத்தில் லெஸ்டர் நகரினின்று லப்பரோ ஊர்க்குப் புகைவண்டியில் அழைத்துச் சென்று மீண்டார். உல்லாசச் செலவு ஒரு தொழிலாக வளர்ந்தமைக்கு இந்நிகழ்ச்சியைத் தொடக்கமாகக் காட்டுவது வரலாற்றாசிரியர் வழக்கம்.

இவற்றோடு நம் மொழியின் 'செலவு' என்னும் சொல்லை ஒப்பிடுதல் தகும். சங்க நூல்களில் அது வழிச்செல்லுதலையே குறிக்கும். பொருள்வயிற் பிரியக் கருதிய தலைவன் போக்கினை நிறுத்துதல் 'செலவழுங்குதல்' எனப் பெயர் பெற்றது. இன்றோ செலவு என்பது கைப்பொருள் போதலையே உணர்த்துகின்றது. வருதலைக் குறித்த 'வரவு' என்பதும் பொருள் வருவாயைக் குறிக்கலாயிற்று. ஆங்கிலத்தில் உழைப்பின் பெயர் வழிநடைக்கு ஆயிற்று. தமிழில் வழிநடையின் பெயர் பொருட்போக்கிற்கு ஆயிற்று. ஆட்பெயர்ச்சியைக் குறித்த இடம் ஒழிந்துபோக, அவ்விடத்தை வடமொழி வழிவந்த 'பயணம்' நிரப்பியது.

2. புதியரும் விருந்தும்

'பில்கிரிம்' என்னும் சொல்லை நாம் திருத்தலம் நாடிச் செல்வோன் எனப் பெயர்க்கின்றோம். இதன் இலத்தீன் மூலமாகிய 'பெரெக்ரினஸ்' அயலான் என்று பொருள்படும். வயல்களுக்கு அப்பாலிருந்து வந்தவன் என்பது அதன் உறுப்புப் பொருள். உரோமர் ஆட்சியில் உரோமக் குடியுரிமை பெறாதாரைக் குறிக்கும் சட்டச் சொல்லாகவும் அது வழங்கியது. தன் ஊர் எல்லையைக் கடந்தவன் யாண்டும் அயலான் ஆதலின், அயலானைக் குறித்த சொல் அடியவனுக்கு ஆயிற்று.

'ஹோட்டல்', 'ஹாஸ்டல்', 'ஹாஸ்பிட்டல்' என்னும் மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். விருந்தினனையும் விருந்தோம்புவானையும் ஒருங்கே குறித்த 'ஹாஸ்பெஸ்' என்னும் இலத்தீன் சொல்லே அவற்றின் மூலம். வழிவருவார்க்கு உறையுள் தந்த இடமே நோயுற்றார்க்கும் வறியார்க்கும் புகலாக இருந்தமையின், விடுதியும் மருத்துவமனையும் ஒரே பெயரின் இரு கிளைகள் ஆயின. மேலும், விருந்தினனைக் குறிக்கும் 'கெஸ்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லும், பகைவனைக் குறிக்கும் 'ஹாஸ்டிஸ்' என்னும் இலத்தீன் சொல்லும் ஒரே தொன்மூலத்தினின்று கிளைத்தவை. வாயிலில் வந்து நிற்கும் புதியவன் நண்பனோ பகைவனோ என்னும் ஐயம் இவ்விரு கிளைகளிலும் பதிந்துள்ளது.

தமிழில் 'விருந்து' என்பதன் பழம்பொருள் புதுமை. தொல்காப்பியம் வனப்பு எட்டனுள் ஒன்றாகப் புதுவது புனைதலை அப்பெயராற் குறிக்கின்றது. புதியராய் வந்தார்க்கும், பின் அவர்க்கு இடும் உணவுக்கும் அது பெயராயிற்று. வந்தவனைப் பகைவன் எனக் கருதிய சுவடு இச்சொல்லில் இல்லை. ஒரு சொல்லைக் கொண்டு ஓர் இனத்தின் குணத்தை அளந்துவிடல் ஆகாது. எனினும், பட்டியலில் எதிரெதிர் நிற்கும் 'கெஸ்ட்', 'விருந்தினர்' என்னும் இரு சொற்களும் வெவ்வேறு வழிகளில் வந்து ஓரிடத்திற் சேர்ந்தவை என்பதை மாணவர் உணர்தல் வேண்டும்.

3. கடலோடிகள் கொணர்ந்தவை

இதுகாறும் கண்டவை ஐரோப்பிய நாடுகளுக்குள்ளே நடந்த சொற்கள். இனி, கடல் கடந்து ஆங்கிலம் புகுந்தவற்றைக் காண்போம். 1769இல் கேப்டன் ஜேம்ஸ் குக் தம் முதற் கடற்செலவில் தாகித்தித் தீவினை அடைந்தார். தோலிற் கரிய நிறத்தைக் குத்திப் பதிக்கும் வழக்கத்தையும் அதன் பெயரையும் தம் நாட்குறிப்பிற் பதிந்தார். தாகித்தி மொழியில் 'தாதௌ' என்று வழங்கிய அச்சொல்லே 'டாட்டூ' ஆயிற்று. படைவீடுகளில் இரவில் முழக்கும் முரசைக் குறித்து இதே ஒலியுடைய வேறொரு சொல் முன்னரே ஆங்கிலத்தில் இருந்தது. அது சாராயக் குழாயை அடை என்று பொருள்படும் டச்சுத் தொடரின் திரிபு. ஒலியொப்புமை உறவுக்குச் சான்றாகாது என்பதற்கு இவ்விரு சொற்களும் நல்ல எடுத்துக்காட்டு.

குக்கின் மூன்றாம் செலவில், 1777இல், தொங்காத் தீவுகளில் அவர் கேட்டறிந்த சொல் 'டாபூ'. உண்ண அழைத்த தலைமக்கள் அவரோடு உட்கார்ந்து உண்ண மறுத்து அச்சொல்லைக் கூறினர். விலக்கப்பட்டது எனப் பரந்த பொருளில் அது வழங்குவதாக அவர் எழுதினார். அவர் 1779இல் அவாயித் தீவில் இறந்தபின், 1784இல் வெளிவந்த நூல்வழி இச்சொல் ஐரோப்பா எங்கும் பரவியது. பாலினீசிய மொழிகளில் இச்சொல் விலக்கினை மட்டும் குறிப்பதன்று; தெய்வத்தன்மை பொருந்தியது, ஆதலின் அணுகுதற்கு அரியது என்னும் இருபொருளையும் ஒருங்கே உடையது. மாவோரி மொழியின் 'தாப்பு', அவாயி மொழியின் 'காப்பு' என்பனவும் அத்தகையனவே. அவாயித் தீவுகளில் இவ்விலக்குமுறை 1819இல் அரச குடும்பத்தாராலேயே ஒழிக்கப்பட்டது. ஆங்கிலத்திலோ தெய்வத்தன்மை என்னும் பாதி உதிர்ந்து, பேசத்தகாதது, செய்யத்தகாதது என்னும் பாதியே நிலைத்தது.

'சபாரி' என்பது கிழக்கு ஆப்பிரிக்கச் சுவாகிலி மொழிச் சொல். அரபு மொழியின் 'சபர்' அதன் மூலம். சுவாகிலியில் எவ்வகைச் செலவையும் அது குறிக்கும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலம் புகுந்தபின், வேட்டைக்கும் விலங்கு காண்டற்கும் செல்லும் செலவு எனச் சுருங்கிற்று. நம் நாட்டுக் கடற்கரையூர்களில் வாழும் முசுலிம் பெருமக்களிடையே கடல் கடந்து பொருள் தேடப் போதலைச் 'சபர்' எனல் வழக்கு. ஆண்டுப் பழம்பொருள் சிதையாது நிற்கின்றது.

நம் 'கட்டுமரம்' சென்ற வழியும் அறியத்தக்கது. மரங்களைக் கட்டிச் செய்வது என்பது பெயரிலேயே விளங்கும். சோழமண்டலக் கரையில் வழங்கிய இக்கலத்தை வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட தம் செலவு நூலிற் குறித்தார். 1876இல் அமெரிக்க நாட்டுக் கலவினைஞர் நத்தேனியல் ஹெர்ரஷாஃப் இரண்டு உடல்களை இணைத்து 'அமாரில்லிஸ்' என்னும் பாய்க்கலம் அமைத்தார். அவ்வகைக் கலமே இன்று உலகெங்கும் 'கட்டமரான்' எனப்படுகின்றது. ஈருடற் கலம் பசிபிக் தீவினரின் தொன்றுதொட்ட மரபு, பெயரோ தமிழருடையது. பொருள் ஒரு கடலினின்றும் பெயர் மற்றொரு கடலினின்றும் வந்து கூடின. ஆங்கிலப் பொருளைக் கொண்டு நம் முன்னோரின் கட்டுமரமும் ஈருடல் உடையது எனக் கொள்வது பிழையாம்.

4. டோட்டம் என்னும் சொல்

பொருட்களின் பெயர் பிறழ்ந்தால் இழப்புச் சிறிது. ஒரு மக்களின் குடிமுறையைக் குறிக்கும் சொல் பிறழ்ந்தால், அம்மக்களைப் பற்றிய அறிவே பிறழும். இதற்குத் தலைசிறந்த சான்று 'டோட்டம்' என்பது.

வட அமெரிக்கப் பேரேரிகளின் பாங்கர் வாழும் ஒஜிப்வே மக்களின் மொழியில் 'தோதேம்' என்பது குலத்தைக் குறிக்கும். கொக்கு, கரடி, மீன் முதலியவற்றின் பெயரால் குலங்கள் அமைந்தன. ஒரு குலத்தார் தமக்குள் உறவினர். ஆதலின் தமக்குள் மணத்தல் இல்லை. ஜான் லாங் என்னும் வணிகர் 1791இல் வெளியிட்ட செலவு நூலில் இச்சொல் ஆங்கிலத்தில் முதன்முதல் இடம்பெற்றது. அவர் இதனை ஒவ்வொருவரையும் தனித்தனியே காக்கும் தெய்வம் என்றும், அது விலங்குருக் கொள்வதால் அவ்விலங்கை அவர் கொல்லார், உண்ணார் என்றும் எழுதினார். ஒருவன் தனக்கெனப் பெறும் காவல் தெய்வம் பற்றிய நம்பிக்கையும் குலப்பெயரும் அம்மக்களிடையே வேறு வேறானவை. லாங் இரண்டையும் ஒன்றாகக் குழப்பினார்.

குழப்பம் வளர்ந்த முறை வியப்பிற்குரியது. ஸ்காட்லாந்து நாட்டு மக்லென்னன் 1869, 1870ஆம் ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகளில், விலங்கு வழிபாடு, குலமுறை, புறமணம் ஆகிய மூன்றையும் இச்சொல்லின்கீழ்ப் பிணைத்து, மாந்தர் அனைவரும் கடந்துவந்த படிநிலை ஒன்றன் பெயராக அதனை ஆக்கினார். ஜேம்ஸ் ஃபிரேசர் 1887இல் சிறுநூலாகவும் 1910இல் நான்கு பெருந்தொகுதிகளாகவும் இதனை விரித்தார்; அவர் அம்மக்களிடையே வாழ்ந்தறியாதவர்; பிறர் எழுதியவற்றைக் கேம்பிரிட்ஜில் இருந்து தொகுத்தவர். 1913இல் ஃபிராய்டு உளநூற் கொள்கை ஒன்றனை இச்சொல்லின்மீதும் டாபூ என்பதன்மீதும் எழுப்பினார்.

மறுப்பும் எழாமலில்லை. ஃபிரேசரின் பெருநூல் வெளிவந்த அதே 1910இல், கோல்டன்வைசர் என்னும் அறிஞர், குலப்பிரிவு, விலங்குப்பெயர், விலங்கோடு உறவு என்னும் கூறுகள் எங்கும் ஒருங்கே வருவனவல்ல என்று நிறுவினார். 1962இல் லெவி-ஸ்ட்ராஸ், இப்பெயரால் ஒரு தனி நிறுவனம் உண்டென்பதே ஆராய்ச்சியாளரின் கற்பனை எனக் காட்டினார். லாங்கின் குழப்பத்தையும் எடுத்துரைத்தார்.

இவ்வளவு பேரும் பேசிய காலத்தில் அம்மக்களின் குரல் கேளாதிருந்ததோ எனின், அன்று. ஒஜிப்வேத் தாய்க்குப் பிறந்து கிறித்தவத் தொண்டராக விளங்கிய பீட்டர் ஜோன்ஸ் தம் மக்களின் வரலாற்றை எழுதினார். அவர் இறந்தபின் 1861இல் அது அச்சேறியது. குலக்குறிகள் உறவை மறவாமைக்கும், உறவினர் தமக்குள் மணவாமைக்கும் தரப்பட்டவை என்னும் மரபுரையை அவர் அதன்கண் குறித்துள்ளார். மக்லென்னன் எழுதுவதற்கு எட்டாண்டுகள் முன்னரே வெளிவந்த இச்சான்று, லாங்கின் வணிகக் குறிப்பளவிற்குப் பரவவில்லை. நாட்டார் சொல்லினும் வழிப்போக்கர் சொல் மிகுதியாக எடுபட்டது.

5. காஸ்ட், பரையா என்பன

நம் நாட்டு மக்களைப் பற்றிய இரு சொற்களும் இவ்வகையினவே. 'காஸ்ட்' என்பது போர்த்துகீசியர் வழங்கிய 'காஸ்டா' என்பதன் வடிவு. கால்வழி, மரபினம் என்பன அதன் பொருள். விலங்கினங்களின் வழியையும் அச்சொல் குறித்தது. இந்நாட்டில் அவர்கள் கண்ட பலவகைப் பிரிவுகளையும் அவ்வொரு சொல்லால் அழைத்தனர். வருணம், சாதி, குடி, குலம் என வேறுபட்ட கருத்துக்கள் ஒரு பெயருள் அடங்கின. இன்று நாம் ஆங்கிலத்தினின்று பெயர்க்குங்கால், அச்சொல் வரும் இடமெல்லாம் சாதி என்றே எழுதுகின்றோம். குடி என்னும் சங்கச் சொல்லையும் ஆங்கிலத்தில் அதே சொல்லால் தருவாருளர். இரண்டாயிரம் ஆண்டு வேறுபாடு ஒரு சொல்லில் மறைந்து போகின்றது.

'பரையா' என்பதன் வரலாறு வருந்தத்தக்கது. பறையர் என்னும் பெயரினின்று தோன்றிய இச்சொல் 17ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்திலேயே ஆங்கிலச் செலவு நூல்களில் வருகின்றது. தொடக்கத்தில் தமிழ்நாட்டின் ஒரு சமூகத்தாரை மட்டுமே குறித்தது. ஐரோப்பியர் நாளடைவில் சாதியற்றார் அனைவர்க்கும் அதனைப் பொதுவாக்கினர். பெர்னார்டின் டி செயின்ட்-பியரின் பிரெஞ்சுக் கதையும், 1821இல் கசிமிர் தெலவீன் இயற்றிய நாடகமும் ஐரோப்பாவில் அதனைப் பரப்பின. பின்னர் எவராலும் ஒதுக்கப்பட்டவன் என்பது அதன் பொருளாயிற்று. உரிமையாளரில்லா நாய்க்கும், உலக நாடுகள் ஒதுக்கிய அரசுக்கும் அடைமொழியாக இன்றும் ஆங்கிலச் செய்தித்தாள்களில் வருகின்றது. எழுதுவோர் அது வாழும் மக்களின் பெயர் என்பதைப் பெரும்பாலும் அறிந்திலர்.

பறை என்பதற்கு முரசு என்றும் சொல்லுதல் என்றும் இரு பொருள் உண்டு. புறநானூற்றின் 335ஆம் பாட்டு, துடியன், பாணன், பறையன், கடம்பன் என நால்வரைக் கூறி, இந்நான்கல்லது குடியும் இல்லை என்னும் கருத்தை மொழிகின்றது. ஆண்டு இகழ்ச்சியின் சாயலும் இல்லை, சிறப்பே உளது. பிற்காலத்தில் நம் சமுதாயம் இம்மக்கட்கு இழைத்த கொடுமையை ஐரோப்பியர் படைத்ததென்று கூறுவதற்கில்லை. அது நம்முடைய பழி. அக்கொடுமையை அவர்தம் பெயரின் பொருளாகவே ஆக்கி உலகெங்கும் பரப்பியது ஆங்கில வழக்கின் பழி. யூல், பர்னல் ஆகியோர் 1886இல் வெளியிட்ட 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியும் இச்சொல்லை விரிவாக ஆராய்கின்றது. ஆங்கிலக் கட்டுரை எழுதும் தமிழ் மாணவர் ஒதுக்கப்பட்டவர் என்னும் பொருளில் இச்சொல்லை ஆளாது விடுதல் கடமை என்பது நம் துணிபு.

6. சங்க நூலாராய்ச்சியில் இச்சொற்கள்

சங்க காலக் காவல் மரத்தை டோட்டம் எனக் கொண்டு, குலக்குறி எனப் பெயர்த்து விளக்குதல் நம் ஆராய்ச்சியுலகிற் காணப்படும் ஒரு போக்கு. இதனை நூற்சான்று கொண்டு அளந்து காண்போம்.

பகைவரின் கடம்பினை நெடுஞ்சேரலாதன் வெட்டி முரசு செய்த செய்தியையும், பழையனின் வேம்பினைச் செங்குட்டுவன் தடிந்த செய்தியையும் பதிற்றுப்பத்துக் கூறும். நன்னனின் மாமரத்தைக் கோசர் வெட்டிய செய்தியைக் குறுந்தொகை குறிக்கும். மரத்தை அழித்தல் அரசன் ஆணையை அழித்தலாகக் கருதப்பட்டமை இவற்றால் தெளிவு. ஆனால் அரசன் குலம் அம்மரத்தினின்று தோன்றியது என்றோ, அம்மரப் பெயருடையார் தமக்குள் மணவார் என்றோ இச்செய்திகள் கூறவில்லை. நன்னன் மாங்கனி உண்டவளைக் கொன்றான் என்பது உண்ணா விலக்கைக் காட்டாதோ எனின், காட்டாது. குறுந்தொகையின் 292ஆம் பாட்டு அவன் செயலைக் கொடுமைக்கு உவமையாகப் பழிக்கின்றதேயன்றிப் பொது நெறியாகப் போற்றவில்லை. மேலும், வேம்பு பழையனின் காவல் மரம். பாண்டியரின் அடையாளப் பூவும் அதுவே. இதுகொண்டு இருவரும் ஒரு குலத்தினர் எனத் துணியின், அது சொல்லினின்று பிறந்த முடிபேயன்றிச் சான்றினின்று பிறந்த முடிபாகாது.

மரத்தோடு உறவு பேசும் இடமும் சங்க நூலில் உண்டு. நற்றிணையின் 172ஆம் பாட்டில், தாம் விளையாடி மறந்த விதை முளைத்துப் புன்னையாக, அதனைப் பாலும் நெய்யும் ஊற்றி வளர்த்தமையும், அது நுமக்குத் தங்கை எனத் தாய் கூறியமையும், ஆதலின் அதன் நிழலில் தலைவனொடு நகையாட நாணுதலும் சொல்லப்படுகின்றன. இவ்வுறவு கால்வழியால் வந்ததன்று, வளர்ப்பினால் வந்தது. டோட்டம் என்னும் பெயரை இதற்கு இடின், இப்பாட்டின் உயிர்நிலையே மறைந்துவிடும்.

காவல் மரத்திற்குத் தமிழிலேயே கடிமரம் என்னும் பெயர் உண்டு. 'கடி' என்னும் உரிச்சொல்லிற்குத் தொல்காப்பியம் பத்துப் பொருள் கூறும். காப்பு, சிறப்பு, அச்சம், வரைவு என்பன அவற்றுள் அடங்கும். காக்கப்படுவது, சிறந்தது, அஞ்சத்தக்கது, எல்லையிட்டு விலக்கப்பட்டது என்னும் கருத்துக்கள் ஒரு சொல்லில் அமைந்துள்ளன. டாபூ என்பது ஆங்கிலத்திற் புகுந்து இழந்த பாதியும் இச்சொல்லிற் குறைவின்றி உளது. இரண்டும் ஒன்றென்று நாம் கூறவில்லை. கடிமரத்தை விளக்குதற்குக் கடி என்னும் சொல்லை விட்டு அயற்சொல்லை நாடவேண்டியதில்லை என்றே கூறுகின்றோம்.

'அணங்கு' என்னும் சொல்லிற்கும் இந்நிலை நேர்ந்தது. 1975இல் ஜார்ஜ் ஹார்ட் தம் நூலில், பெண்ணிடத்தும் பிற பொருளிடத்தும் உறையும் அச்சந்தரும் தெய்வ ஆற்றலாக இதனை விளக்கினார். 1986இல் வி. எஸ். இராசம், சங்கப் பாடல்களில் அச்சொல் வரும் இடங்களை ஆராய்ந்து, பல பொருள் உடைய சொல்லை ஒரு கருத்துக்குள் சுருக்கினமையை எடுத்துக்காட்டினார். முடிபில் எவர் பக்கம் நிற்பினும், இடந்தோறும் சொல்லைத் தொகுத்து நோக்கும் அம்முறையே பின்பற்றத்தக்கது.

முடிவுரை

மரபைக் குறிக்கும் 'டிரெடிஷன்' என்னும் ஆங்கிலச் சொல், கையளித்தல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லினின்று வந்தது. காட்டிக்கொடுத்தலைக் குறிக்கும் 'டிரீசன்' என்பதும் அதே மூலத்தினது. மரபைக் கையளிப்பதும் பகைவர் கையில் ஒப்படைப்பதும் ஒரே சொல்லின் இரு கிளைகளாயின. அயலார் சொற்களைப் பயிலுதல் தீதன்று, இன்றியமையாதது. ஒப்பியல் ஆராய்ச்சி அதனாலன்றி நடவாது. ஆயின், ஒரு சொல்லைக் கடன் கொள்ளுமுன், அது யார் நாவிற் பிறந்தது, யார் அதனை எழுதினர், எழுதியவர் கேட்டது சரியா என்னும் மூன்று வினாக்களை ஆய்வாளர் எழுப்புதல் வேண்டும். முதுகலை மாணவர் தாம் பயிலும் பட்டியலின் இருபாலுக்கும் இடையே மூன்றாவதாக ஒரு நிரல் வகுத்து, சொல்லின் பிறந்த இடத்தையும் நடந்த வழியையும் குறித்துவரின், பட்டியலே வரலாற்று நூலாகும். சங்க நூல்களிற் பயிலும் குடி, கடி, அணங்கு முதலிய சொற்களுக்கு இத்தகைய நிரல் வகுத்தல் இனிச் செய்யவேண்டிய பணியாம்.